தாளில் நிலைத்த திரைக்கதை



சரித்திரச் சான்று என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவிற்கு வருகின்றன. சினிமாக் கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகமும், மாட்டு வண்டியில் மேளம் முழங்க வந்து வீசிய துண்டு நோட்டீசும், சுவரில் பசையிட்டு ஒட்டிய வண்ணச் சுவரொட்டியும் சான்றாகுமா என்று கேட்டால் பலர் நகைப்பர். ஆகும் என்பதே என் துணிபு.

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ சென்னையில் வெளியாயிற்று. எச். எம். ரெட்டி இயக்கினார், டி. பி. ராஜலட்சுமி நடித்தார். அப்படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று கிடைக்கவில்லை. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. நாளடைவில் தானே நைந்து பொடியாகும். ஓடி முடிந்த சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்க அதனை அழித்தவர்களும் உண்டு.

படம் மறைந்தது, தாள் நின்றது. புராண, காவியக் கதைகள் கோலோச்சிய அந்நாளில், ‘காளிதாஸ்’ படத்தோடு காந்தியடிகளின் இராட்டையைப் போற்றும் பாட்டும் ஒலித்தது. இயற்றியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். வடமொழிக் கவிஞன் கதைக்கும் இராட்டைக்கும் என்ன தொடர்பு? கதைக்குத் தொடர்பில்லை, காலத்திற்குத் தொடர்புண்டு. அந்நியர் ஆட்சியில் மக்கள் எதைக் கேட்க விழைந்தனர் என்பதை அப்பாட்டு உணர்த்துகிறது.

பாட்டுப் புத்தகங்களைப் புரட்டும்போதெல்லாம் நான் வியப்பதுண்டு. நடிகர் பெயர், பாடல், இராகம் யாவும் அதில் இருக்கும். கதைச் சுருக்கம் மட்டும் பாதியில் நின்று, மிகுதியை வெள்ளித்திரையில் காணுமாறு அழைக்கும்! சுவரொட்டியோ அச்சுக் கலையின் வரலாற்றைக் கூறும். லித்தோ முறையில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல்லில் ஓவியம் தீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டனர்.

இத்தாள்களைக் காத்தவர் யாவர்? செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா (1926–1992) ஒருவர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்தார். அவர் மறைவிற்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்குப் பெற்றது. ஆயினும் அது கடல் கடந்து போகவில்லை. 1994-இல் சென்னையிலேயே நூலகமாக உருப்பெற்று, இன்று அடையாற்றை அடுத்த தரமணியில் ஆய்வாளர்க்குப் பயன்படுகிறது. மற்றொருவர் 2016-இல் மறைந்த ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன். ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் நிழற்படங்களையும் தாமே திரட்டினார். அத்தொகுப்பைத் தமிழக அரசு பெற்றுக்கொண்டது. அவரது வரலாற்று நூல் 2004-இல் வெளிவந்தது.

மயிலாப்பூரின் கபாலி, காமதேனு, தியாகராய நகரின் ராஜகுமாரி, அடையாற்றின் ஈராஸ் ஆகிய கொட்டகைகளில் இன்று படம் ஓடுவதில்லை. அவற்றின் விளம்பர அட்டைகள் உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கலாம். கண்டால் எடைக்குப் போடாதீர்கள். பசையிட்டு ஒட்டாமலும் மடிக்காமலும் ஈரம் படாத இடத்தில் வையுங்கள். கிடைத்த இடத்தையும் ஆண்டையும் தனித்தாளில் குறித்து வையுங்கள். குறிப்பில்லாத தாள் வெறும் அழகுப் பொருள். குறிப்புடைய தாளே சான்று. அத்தகைய சான்று ஒன்றை அடுத்த தலைமுறைக்கு அளிப்பவர், அறிஞராயினும் மாணவராயினும், சரித்திரத்திற்குத் தொண்டு செய்தவரே ஆவார்.