வீட்டுக் கணினிகளும் தொலைக்காட்சித் திரையும்

வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே கணினித் திரையாகப் பயன்படுத்தும் வழக்கம் 1970களில் தோன்றி, 1980களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவலானது. அக்காலத்தில் கணினிக்கெனத் தனித் திரையகம் வாங்குவது பெருஞ்செலவாக இருந்தது. வீட்டில் ஏற்கெனவே இருந்த தொலைக்காட்சி அச்செலவைத் தவிர்த்ததால், சாதாரணக் குடும்பங்களும் கணினி வாங்க முடிந்தது. அதே வேளையில் தொலைக்காட்சியின் குறைகள் அக்கணினிகளின் வடிவமைப்பையும் கட்டுப்படுத்தின.

தொடக்கம்

டான் லங்காஸ்டர் வடிவமைத்த 'டிவி டைப்ரைட்டர்' என்ற கருவி, 1973 செப்டம்பர் மாத 'ரேடியோ எலக்ட்ரானிக்ஸ்' இதழில் வெளியானது. விசைப்பலகையில் தட்டிய எழுத்துகளை அது தொலைக்காட்சியில் வரிக்கு 32 வீதம் 16 வரிகளில் காட்டியது.

1977இல் வந்த ஆப்பிள் II கணினியில் காம்போசிட் வீடியோ வெளியீடு இருந்தது. ஆனால் அன்றைய தொலைக்காட்சிகளில் பெரும்பாலானவற்றில் ஆன்டெனா இணைப்பு மட்டுமே இருந்தது. எனவே கணினியின் படக் குறிகையை ஓர் ஒளிபரப்பு அலைவரிசையின் அதிர்வெண்ணுக்கு மாற்றித் தரும் ஆர்.எப். மாடுலேட்டர் தேவைப்பட்டது. அமெரிக்காவின் வானொலி இடையூறு விதிகள் கடுமையாக இருந்ததால், ஆப்பிள் இதனைக் கணினியுடன் சேர்த்து விற்கவில்லை. வேறொரு நிறுவனத்தின் மாடுலேட்டரைப் பயனர்கள் தனியாக வாங்கினர்.

சின்கிளேர் கணினிகள்

பிரித்தானியாவில் சின்கிளேர் நிறுவனம் மாடுலேட்டரைக் கணினிக்குள்ளேயே பொருத்தியது. ஆன்டெனா துளையில் கம்பியைச் செருகி, தொலைக்காட்சியை யு.எச்.எப். அலைவரிசை 36இல் வைத்தால் படம் தெரிந்தது.

1980இல் வெளியான இசட்எக்ஸ்80இல் செலவைக் குறைப்பதற்காகப் படத்தை உருவாக்கும் வேலையும் நுண்செயலிக்கே தரப்பட்டது. அதனால் கணினி கணக்கிடும்போது திரை வெறுமையானது. ஒவ்வொரு விசையை அழுத்தும்போதும் படம் துள்ளியது. 69.95 பவுண்டு விலையில் 1981இல் வந்த இசட்எக்ஸ்81இல் இரு முறைகள் இருந்தன. மெதுவான முறையில் படம் நிலைத்து நின்றது. விரைவு முறையில் படம் மறைந்து, கணக்கீடு ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக நடந்தது.

திரையின் வரம்புகள்

ஆர்.எப். வழியாக வரும் படத்தில் சிறிய எழுத்துகள் மங்கித் தெரியும். எனவே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வரிக்கு 32 எழுத்துகளையும், கொமடோர் 64 வரிக்கு 40 எழுத்துகளையும் காட்டின. தொலைக்காட்சிச் சட்டகத்தின் ஓரங்களில் படம் மறையக்கூடும் என்பதால், எழுத்துப் பகுதியைச் சுற்றி வெற்று விளிம்பும் விடப்பட்டது. அலுவலக வேலைக்கு ஏற்ற 80 எழுத்து வரியைத் தெளிவாகப் படிக்கத் தனித் திரையகமே தேவைப்பட்டது.

பிரிவும் மீளிணைவும்

1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ முறையின் கிடைவரி அதிர்வெண் ஏறத்தாழ 31.5 கிலோஹெர்ட்ஸ். இது அன்றைய தொலைக்காட்சிகளின் அளவைப்போல் இரு மடங்கு என்பதால், இடையில் மாற்றுக்கருவி இன்றி இரண்டையும் இணைக்க முடியவில்லை. 2002இல் வெளியான எச்டிஎம்ஐ தரம் பரவியபின் தொலைக்காட்சியும் கணினியும் மீண்டும் ஒரே கம்பியில் இணைந்தன. 2012இல் கேம்பிரிட்ஜில் உருவான குறைந்த விலை ராசுபெரி பை கணினியும் வீட்டுத் தொலைக்காட்சியைத் திரையாகக் கொள்ளும் வகையில் அமைந்தது.

பழைய கணினிகளுக்கோ இப்போது வேறொரு சிக்கல் உள்ளது. அனலாக் அலைவாங்கி இல்லாத தொலைக்காட்சிகளில் அவற்றின் ஆர்.எப். படம் வராது. ஆகவே அவற்றைப் பேணுவோர் மாடுலேட்டரைத் தவிர்த்து, காம்போசிட் குறிகையை நேரடியாக வெளியே எடுத்துப் பயன்படுத்துகின்றனர்.