தங்கம் தேடிய ஏஞ்சல்

1937-ம் ஆண்டு, அக்டோபர் 9. தென் அமெரிக்காவில் வெனிசுலா நாடு. மேகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருக்கும் ஒரு மலையின் உச்சி. அங்கே ஒரு சின்ன விமானம், மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டு நிற்கிறது!

உள்ளே இருந்து நான்கு பேர் இறங்குகிறார்கள். மூன்று ஆண்கள், ஒரு பெண். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால், விமானம் இனி கிளம்பாது என்பது பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. சக்கரங்கள் புதைந்துவிட்டன. பெட்ரோல் போகிற குழாயும் உடைந்து போச்சு.

சுற்றிலும் பாறை, சேறு, பனிமூட்டம். மலையின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தால் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும் பாறை. கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை காடு. மனிதர்கள் வசிக்கும் பக்கத்து ஊருக்கு, நடந்தே போக வேண்டும். அதற்கு முதலில் இந்த மலையை விட்டு இறங்க வேண்டும்!

விமானத்தை ஓட்டி வந்தவர் பெயர் ஜிம்மி ஏஞ்சல். அமெரிக்கர். கூட வந்தவர்கள் அவர் மனைவி மேரி, நண்பர் குஸ்தாவோ ஹெனி, ஹெனியிடம் வேலை பார்த்த மிகேல் டெல்காடோ. இவர்கள் எதற்காக இந்த மொட்டைப் பாறையில் வந்து இறங்கினார்கள்?

அருவி பார்க்க என்று நீங்கள் நினைத்தால், தப்பு. தங்கம் தேடி!

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். ஜிம்மி ஏஞ்சல் 1899-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். ஊர் ஊராகப் போய் வானத்தில் குட்டிக்கரணம் அடித்துக் காட்டி, கூட்டம் சேர்த்துக் காசு பார்க்கும் சாகச பைலட். தன்னைப் பற்றிய கதைகளைக் கொஞ்சம் தாராளமாகவே சொல்லக்கூடிய ஆசாமி.

அந்தக் கதைகளில் முக்கியமானது இது. மெக்ராக்கன் என்று ஒரு கிழவர். பூமிக்குள் என்ன புதையல் கிடைக்கும் என்று தேடி அலைவதே அவர் தொழில். 1920-களில் ஒருநாள் அவர் ஏஞ்சலை வாடகைக்கு அமர்த்தி, வெனிசுலா காட்டுக்கு மேலே பறக்கச் சொன்னாராம். வரைபடம் எதுவும் காட்டாமல் 'இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு' என்று கையாலேயே வழி சொல்லி, ஒரு மலை உச்சியில் இறக்கினாராம். அங்கே ஓடிய ஓடையில் இருவரும் தங்கத்தை அள்ளி அள்ளி மூட்டை கட்டினார்களாம். அப்புறம் கிழவர் செத்துப்போனார். எந்த மலை, எந்த ஓடை என்பது அவரோடு போய்விட்டது.

இது நிஜமா? ஏஞ்சல் சொன்னதைத் தவிர ஓர் ஆதாரமும் கிடையாது. ஆனால், அந்த மலையைத் தேடித்தான் அவர் தன் மீதி வாழ்க்கையைச் செலவு செய்தார் என்பது மட்டும் நிஜம்.

அப்படித் தேடிப் பறந்தபோதுதான், 1933 நவம்பரில், அவுயான் தெபுய் என்ற மலையின் நடுவே பிளந்து கிடந்த பள்ளத்தாக்குக்குள் விமானத்தை நுழைத்தார். எதிரே, மலையின் உச்சியிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு. விழுந்துகொண்டே இருக்கிறது. முடிவதாகத் தெரியவில்லை!

உலகத்திலேயே உயரமான நீர்வீழ்ச்சி அது. மொத்தம் 979 மீட்டர். அதில் எங்கேயும் தடுக்காமல் ஒரே தாவலாக விழுவது மட்டும் 807 மீட்டர். எத்தனை உயரம் என்று மனசில் படமாக வரவில்லையா? தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிட்டத்தட்ட பதினைந்து முறை அடுக்கிக்கொள்ளுங்கள். அவ்வளவு! உலகமே கொண்டாடும் நயாகரா சுமார் 50 மீட்டர்தான்.

'தெபுய்' என்றால் அந்தப் பக்கத்துப் பெமோன் பழங்குடி மக்களின் மொழியில் மலை. சாதாரண மலை இல்லை. மேசை மாதிரி, மேலே தட்டை, பக்கமெல்லாம் செங்குத்து. நூற்றைம்பது கோடி வருஷங்களுக்கும் முந்தைய மணற்பாறை, காலம் காலமாக அரிக்கப்பட்டு மிச்சம் நிற்பவைதான் இந்த மலைகள். அவுயான் தெபுயின் தலையில் மட்டும் சுமார் 700 சதுர கிலோமீட்டர் பரப்பு. அங்கே பெரிய ஏரியும் இல்லை, உருகி ஓடப் பனிமலையும் இல்லை. பெய்கிற மழையெல்லாம் பாறை இடுக்குகளில் சேர்ந்து, ஓடையாகி, விளிம்பைத் தாண்டி விழுகிறது. நல்ல மழைக்காலத்தில் அருவி ஆர்ப்பரிக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் தரையைத் தொடுவதற்கு முன்பே காற்றில் சாரலாகச் சிதறிவிடும்.

சரி, ஏஞ்சலுக்கு வருவோம். அந்தக் கோட்டைப் பார்த்தார், அசந்துபோனார். ஆனால், அவர் கண் தேடியது வேறு. இவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது என்றால் மேலே ஓடை இருக்கிறது. ஓடை என்றால் கிழவர் காட்டிய ஓடையாக இருக்கலாம். அந்த ஓடை என்றால்... தங்கம்!

நான்கு வருஷம் கழித்து, 'எல் ரியோ காரோனி' என்று பெயர் வைத்த தன் ஒற்றை இன்ஜின் விமானத்தில் மலை மேலேயே இறங்கத் துணிந்தார். தென்பக்கம் கீழே ஒரு முகாம். அதில் ரேடியோவோடு ஃபெலிக்ஸ் கார்டோனா என்ற ஸ்பெயின்காரர். மேலே இருந்து பார்க்கும்போது இறங்குகிற இடம் கெட்டித் தரையாகத்தான் தெரிந்தது. சக்கரம் பட்டு ஓடிய பிறகுதான், புல்லுக்கு அடியில் இருப்பது சேறு என்று தெரிந்தது.

தங்கம்? மேலே தேடிப் பார்த்தார்கள். ஒரு பொட்டுகூட இல்லை.

இனி இறங்க வேண்டும். நல்லவேளையாக, கயிறும் கூடாரமும் சாப்பாடும் கொண்டுபோயிருந்தார்கள். அதைவிட நல்லவேளை, ஹெனி காட்டில் பழகியவர், அந்த மலைச்சரிவுகளில் முன்பே வழி தேடி அலைந்தவர். பாறைப் பிளவுகளைச் சுற்றிக்கொண்டும், கயிற்றைப் பிடித்துத் தொங்கியும், சேற்றில் கால் புதையப் புதைய நடந்தும் அவர்கள் கமராட்டா என்ற பெமோன் குடியிருப்பை அடைந்தபோது 11 நாட்கள் ஆகியிருந்தன. நான்கு பேரும் உயிரோடு! விமானம் மட்டும் மலையில் அநாதையாக நின்றது.

இந்தச் செய்தி பரவியது. தங்கம் கிடைக்காத ஏஞ்சலுக்கு வேறொன்று கிடைத்தது. அந்த அருவி 'சால்ட்டோ ஏஞ்சல்' என்று வரைபடத்தில் ஏறிவிட்டது. 'சால்ட்டோ' என்றால் ஸ்பானிய மொழியில் அருவி. நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஏஞ்சல் நீர்வீழ்ச்சி. தேவதை மாதிரி அழகாக இருப்பதால் வந்த பெயர் என்று நெடுநாள் நினைத்திருந்தவர்களில் நானும் ஒருவன். தேவதையும் இல்லை, ஒன்றும் இல்லை. பைலட்டின் குடும்பப் பெயர்!

ஆனால், பெயர் வைத்தாகிவிட்டதே தவிர, உயரம் எவ்வளவு என்று யாரும் முறையாக அளக்கவில்லை. விமானத்தில் பறந்துகொண்டே எப்படி அளப்பது? யாராவது நடந்து போய் அதன் காலடியில் நிற்க வேண்டும்.

நின்றவர் ஒரு பெண். ரூத் ராபர்ட்சன், அமெரிக்கப் பத்திரிகையாளர், புகைப்படக்காரர். 1949-ல் ஒரு குழுவைத் திரட்டிக்கொண்டு கிளம்பினார். மரத்தைக் குடைந்து செய்த படகுகளில் கராவ் ஆற்றில் ஏறி, அதிலிருந்து சுருன் ஆற்றுக்குள் திரும்பி, அப்புறம் காட்டை வெட்டி வழி செய்துகொண்டு நடை. வழிகாட்டி, லாட்வியா நாட்டிலிருந்து வந்து அந்தக் காட்டிலேயே திரிந்துகொண்டிருந்த அலெக்ஸாண்டர்ஸ் லைமே. படகு தள்ளவும் சுமை தூக்கவும் பாதை வெட்டவும் பெமோன் ஆட்கள்.

மே 13-ம் தேதி அளந்தார்கள். கூடப் போன நில அளவையாளர் பெர்ரி லோரி கீழே ஒரு கோட்டை அளந்துகொண்டு, உச்சி தெரியும் கோணத்தைப் பார்த்து, நாம் பத்தாவதில் திட்டிக்கொண்டே படித்த அதே முக்கோணக் கணக்கைப் போட்டார். 979 மீட்டர். அந்த வருஷம் நவம்பரில் 'நேஷனல் ஜியாகிரஃபிக்' பத்திரிகையில் ராபர்ட்சனின் கட்டுரை வந்தது. இன்றைக்கும் புத்தகங்களில் நீங்கள் பார்க்கிற எண் அதுதான்.

இப்போது ஒரு கேள்வி. அந்த அருவியை முதலில் கண்டுபிடித்தது யார்?

ஏஞ்சல் என்பீர்கள். ஆனால், 1927-லேயே கார்டோனா (ஆமாம், ரேடியோவோடு கீழே உட்கார்ந்திருந்த அதே ஸ்பெயின்காரர்!) அந்தப் பக்கம் போய் அருவியைப் பார்த்திருந்ததாகச் சொல்கிறார்கள். 1910-ல் எர்னெஸ்டோ சான்செஸ் லா குருஸ் என்ற வெனிசுலாக்காரர் பார்த்ததாக ஒரு பேச்சு. சரி, அடிவாரம் வரை நடந்து போன முதல் ஆளாவது ராபர்ட்சன்தானே? அதிலும் தகராறு. 1946-லேயே லைமே போய்விட்டார் என்கிறார்கள்.

காமர்ஸ் படித்த எனக்கு இந்தக் கணக்கைப் பார்த்ததும் ஒன்று உறுத்துகிறது. இத்தனை பேர் பெயரில் வரவு எழுதுகிறோமே, இந்தச் சொத்தின் ஆரம்ப இருப்பை யாராவது பார்த்தோமா?

அங்கே காலம் காலமாக வசிக்கும் பெமோன் மக்களுக்கு அந்த அருவி தெரியாதா என்ன? அவர்கள் வைத்த பெயர் கெரெபாகுபாய் மெரூ. 'மெரூ' என்றால் அருவி. முழுசாகச் சொன்னால், மிக ஆழமான இடத்தின் அருவி.

அந்தப் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உலகத்துக்கே உயரமான அருவி. அதற்குப் 'பெரிய உயரம்' என்று பெயர் வைக்கவில்லை, 'பெரிய ஆழம்' என்று வைத்திருக்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தெபுய்களின் உச்சியில் ஆவிகள் குடியிருக்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. அவுயான் தெபுய் என்பதற்கே பேய் மலை என்றுதான் அர்த்தம் சொல்வார்கள். மனுஷனுக்கு மேலே என்ன வேலை? அவர்கள் ஆற்றோரத்தில், கீழே வாழ்ந்தவர்கள். அருவியைக் கீழே நின்று, அது விழுகிற பள்ளத்தில் பார்த்தவர்கள். ஏஞ்சல் பார்த்தது வானத்திலிருந்து.

இப்படிப் பெயர் மாறிப்போனது இங்கே மட்டும் இல்லை. ஆப்பிரிக்காவில் ஸாம்பஸி ஆற்றின் அருவிக்கு அங்கத்திய மக்கள் வைத்திருந்த பெயர் மோசி-ஓவா-துன்யா, அதாவது இடி முழங்கும் புகை. 1855-ல் அதைப் பார்த்த டேவிட் லிவிங்ஸ்டன், லண்டனில் இருந்த தன் ராணியின் பெயரை வைத்தார். விக்டோரியா நீர்வீழ்ச்சி. ராணி அதைப் பார்த்ததே இல்லை! அந்த விதத்தில் ஏஞ்சல் பரவாயில்லை, பார்த்தாவது இருந்தார்.

2009 டிசம்பரில் வெனிசுலாவின் அப்போதைய அதிபர் ஹியூகோ சாவேஸ் டி.வி-யில் பொங்கினார். அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்த ஒருத்தர் கண்டுபிடித்தார் என்பதை நாம் எப்படி ஏற்பது, அருவியைப் பழைய பெயரில்தான் கூப்பிட வேண்டும் என்றார். வேடிக்கை என்னவென்றால், அவர் முதலில் சொன்ன 'பழைய பெயர்' சுருன் மெரூ. அது பக்கத்தில் இருக்கும் வேறொரு அருவியின் பெயர்! பிறகுதான் கெரெபாகுபாய் மெரூ என்று திருத்திக்கொண்டார்கள். ராபர்ட்சன் 1975-ல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலும் இதே 'சுருன் மெரூ'தான் இருக்கிறது. நடந்தே போய் அளந்தவருக்கும் பெயரில் சறுக்கல்!

ஏஞ்சல் என்ன ஆனார்? 1956 ஏப்ரலில் பனாமா நாட்டில் விமானத்தை இறக்கும்போது விபத்து. தலையில் அடி. அதிலிருந்து மீளாமலே டிசம்பர் 8-ம் தேதி இறந்துபோனார். வயது 57. தங்க ஓடை கடைசிவரை கிடைக்கவில்லை. 1960 ஜூலை 2-ம் தேதி, மேரியும் இரண்டு மகன்களும் நண்பர்களும் அவர் அஸ்தியை விமானத்தில் எடுத்துப் போய், அந்த அருவியின் மேல் தூவினார்கள். 11 நாள் சேற்றில் நடந்த மேரி, அன்றைக்கு மேலே இருந்து அதே மலையைப் பார்த்திருப்பார். மலை மேல் புதைந்து நின்ற விமானம் 33 வருஷம் அங்கேயே இருந்தது. 1970-ல் வெனிசுலா விமானப்படை ஹெலிகாப்டரால் தூக்கி வந்து, பழுது பார்த்து, பிறகு சியூதாத் பொலிவார் விமான நிலைய வாசலில் காட்சிக்கு வைத்தார்கள்.

இன்றைக்கும் அந்த அருவிக்குச் சாலை கிடையாது. கனைமா என்ற இடத்துக்குக் குட்டி விமானத்தில் போக வேண்டும். அங்கிருந்து நீளமான மரப்படகு. ஆற்றுத் தண்ணீர், அழுகிய இலைகளின் சாறு ஊறி, காபி டிகாஷன் நிறத்தில் இருக்கும். மழைக்காலத்தில்தான் படகு ஓடும் அளவுக்குத் தண்ணீர். வெயில் காலத்தில் பாறையில் தட்டும். படகைச் செலுத்துகிறவர்கள் பெரும்பாலும் பெமோன் ஆட்கள். எந்தப் பாறை தண்ணீருக்கு அடியில் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டுக்குள் ஏறினால், லைமே பெயரிலேயே ஒரு பார்வைத் திட்டு. அங்கே நின்று நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

ஏஞ்சல் பார்த்த மாதிரி வேண்டுமானால், விமானத்தில் சுற்றிக் காட்டவும் ஆள் இருக்கிறது. மேகம் விலகினால் உண்டு, விலகாவிட்டால் பணம் போச்சு!

என்றைக்காவது உங்களுக்கு அங்கே போகிற யோகம் வாய்த்தால், படகிலேயே போங்கள். அப்புறம் அந்தத் திட்டில், முகத்தில் சாரல் அடிக்க, கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்க்கும்போது, படகு ஓட்டி வந்தவரிடம் அருவியின் பெயரைக் கேளுங்கள். 'கெரெபாகுபாய் மெரூ' என்பார். ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். நாக்கு கொஞ்சம் சிக்கும், பரவாயில்லை. நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தவர்கள் வைத்த பெயர் அது.