நிறுத்தச் சொன்ன கடிதம்: ஹார்மோன் சிகிச்சையின் வரலாறும் ஹைதராபாத்தின் எலும்புகளும்

2002 ஜூலை மாதம் அமெரிக்காவில் பல்லாயிரம் பெண்களின் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. மகளிர் நலவாழ்வு முன்முயற்சி என்னும் பெரும் ஆய்வில் சேர்ந்து, நாள்தோறும் ஒரு மாத்திரை விழுங்கி வந்தவர்கள் அவர்கள். மாத்திரையை உடனே நிறுத்திவிடுமாறு கடிதம் கூறியது. ஜூலை 9 அன்று அறிவிப்பு வெளியானது. எட்டரை ஆண்டுகள் நடக்க வேண்டிய ஆய்வு, சராசரியாக 5.2 ஆண்டுகளிலேயே முடித்துவைக்கப்பட்டது. கருப்பை உள்ள 16,608 பெண்கள், வயது 50 முதல் 79 வரை. பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மறுபாதிக்கு மருந்தில்லா மாத்திரை.

கண்டறியப்பட்டவை என்ன? பதினாயிரம் பெண்கள் ஓராண்டு இம்மருந்தை உட்கொண்டால், மருந்தில்லாதோரைவிட 7 பேருக்கு இதய நோயும், 8 பேருக்குப் பக்கவாதமும், 8 பேருக்கு நுரையீரலில் இரத்தக்கட்டும், 8 பேருக்கு மார்பகப் புற்றுநோயும் கூடுதலாக வரும். பெருங்குடல் புற்றுநோய் 6 பேருக்கும் இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்கும் குறையும். நாளேடுகள் இவற்றை இவ்வாறு எழுதவில்லை. மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு உயர்வு என்று எழுதின. இரண்டும் உண்மையே. ஆனால் காலையில் செய்தித்தாளை விரித்த பெண்ணின் மனத்தில் முதலாவது ஒரு விதமாகவும் இரண்டாவது வேறு விதமாகவும் பதியும். நின்றது இரண்டாவதுதான்.

அதன்பின் நடந்ததை மருத்துவ வரலாற்றின் மிகப்பெரிய ஒரே நேர மருந்து நிறுத்தங்களுள் ஒன்று எனலாம். 1999 முதல் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 கோடி ஹார்மோன் மருந்துச் சீட்டுகள் எழுதப்பட்டு வந்தன. 2003இன் முதல் ஆறு மாதங்களில், அந்த ஆய்வில் பயன்பட்ட கூட்டு மாத்திரையின் விற்பனைச் சீட்டுகள் ஓராண்டுக்கு முந்தைய நிலையிலிருந்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டன. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு உட்கொண்டவர்களும் ஒரே வாரத்தில் நிறுத்தினர். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் ஆய்வு அன்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஒரு மருந்தைத் தொடங்குவதற்கு ஆயிரம் கட்டுரைகள் எழுதிய மருத்துவம், அதை விடுவது எப்படி என்று எழுதவில்லை.

விடை பின்னர் அதே ஆய்விலிருந்து வந்தது. கடிதம் வந்த நாளிலும் மாத்திரை உட்கொண்டிருந்த பெண்களிடம் 8 முதல் 12 மாதங்கள் கழித்து வினாத்தாள் அனுப்பிக் கேட்டார்கள். மருந்து உண்டவர்களில் 21.2 விழுக்காட்டினர் உடல் கொதிப்பும் இரவு வியர்வையும் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருப்பதாகக் கூறினர்; மருந்தில்லா மாத்திரை உண்டவர்களில் 4.8 விழுக்காட்டினர் மட்டுமே அவ்வாறு கூறினர். ஆய்வில் சேரும்போதே அத்தொல்லை இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மருந்தை விட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது திரும்பியிருந்தது. அறுபதைத் தாண்டிய பெண், தான் கடந்துவிட்டதாக எண்ணியிருந்த ஐம்பதாம் வயதின் இரவுகளை மீண்டும் கடக்க வேண்டியதாயிற்று. சிறிது சிறிதாகக் குறைத்து விட்டால் இது தவிருமா என்று பிற்காலத்தில் சில சிறு ஆய்வுகள் பார்த்தன. குறைப்பது தொல்லையைத் தள்ளிப்போடுகிறதே தவிர, முற்றிலும் நீக்குவதில்லை என்பதே பெரும்பாலும் கிடைத்த விடை. ஆயினும் மருத்துவர்கள் இன்றும் படிப்படியாகக் குறைக்கச் சொல்வதுண்டு. தொல்லை எந்த அளவில் தலைகாட்டுகிறது என்று நோயாளி தானே அறிந்துகொள்ள அது வழிவிடுகிறது.

இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஏனெனில் இந்த மருந்தின் முதல் நோயாளிகள் ஐம்பது வயதில் இயல்பாக மாதவிடாய் நின்றவர்கள் அல்லர்.

1872இல் ஜார்ஜியா மாநிலத்தின் ரோம் என்னும் ஊரில் ராபர்ட் பேட்டி என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்ணின் சூலகங்களை அகற்றினார். அவை நோயுற்றிருந்தன என்பதால் அன்று. மாதவிடாயை நிறுத்தினால் அவளுடைய பிற துன்பங்கள் நீங்கும் என்னும் எண்ணத்தால். அதே காலத்தில் ஜெர்மனியில் ஹேகாரும் இங்கிலாந்தில் லாசன் டெய்ட்டும் இதைச் செய்தனர். அடுத்த இருபது ஆண்டுகளில் இது ஒரு பழக்கமாகவே பரவியது. வலிப்பு, மனக்கலக்கம், வயிற்றுவலி எதற்கும் சூலகமே காரணம் எனப்பட்டது. அவ்வாறு அறுக்கப்பட்ட இளம்பெண்களுக்கு உடல் கொதித்தது, தூக்கம் கெட்டது. 1896இல் பெர்லினிலும் வியன்னாவிலும் சில மருத்துவர்கள், மாட்டின் சூலகத்தை அப்பெண்களுக்கு உண்ணக் கொடுத்துப் பார்த்தனர். ஹார்மோன் என்ற சொல்லே பிறக்கும் முன் நடந்தது இது. ஆக, எடுத்ததைத் திருப்பித் தரும் சிகிச்சையாகவே இது பிறந்தது. 'ஈடு' என்ற சொல் அங்கே முழுப் பொருளோடு பொருந்தும்.

1929இல் அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் பூட்டெனாண்டும் ஈஸ்ட்ரோனைத் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். 1942இல் சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த பிரெமரின் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதன் பெயரே அம்மூலத்தை ஆங்கிலத்தில் சுருக்கியதுதான். 1966இல் ராபர்ட் வில்சன் என்னும் நியூயார்க் மருத்துவர் ஒரு நூல் எழுதி, மாதவிடாய் நிற்பதே ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் உண்டால் பெண் என்றும் பெண்ணாகவே இருப்பாள் என்று முழங்கினார். அந்நூலுக்கான செலவை மருந்து நிறுவனமே ஏற்றது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகனே சொன்னார். அறுக்கப்பட்டவர்களுக்கான ஈடு, இவ்விதம் எல்லாப் பெண்களுக்குமான இளமை மருந்தாக மாறியது. 1975 டிசம்பரில் முதல் அடி விழுந்தது: ஈஸ்ட்ரோஜனை மட்டும் உட்கொண்டவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் 4.5 மடங்கு என்றது ஒரு கட்டுரை, 7.6 மடங்கு என்றது அதே இதழில் வந்த மற்றொன்று. விற்பனை சரிந்தது. புரோஜெஸ்டினைச் சேர்த்தால் கருப்பை காக்கப்படும் என்று தெரிந்ததும் மீண்டும் ஏறியது. 2002இல் விழுந்தது இரண்டாம் அடி.

ஆனால் 2002இன் ஆய்வுக்கு ஓர் இரட்டை உண்டு. அதைப் பற்றிய செய்தி முதல் செய்தியளவு பரவவில்லை. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துப் பார்த்த அந்த ஆய்வு 2004இல் பக்கவாத அபாயம் கருதி நிறுத்தப்பட்டது. அதில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்ட காலப் பின்தொடர்வில் குறைந்தே காணப்பட்டது. இடுப்பெலும்பு முறிவும் குறைந்தது. கருப்பை இல்லாத பெண்ணுக்குப் பொருந்துவது இந்த இரண்டாம் ஆய்வே. அதிலும் ஒரு வரம்பு உண்டு: முதல் ஆய்வுப் பெண்களின் சராசரி வயது 63; இரண்டாவதிலும் ஏறக்குறைய அதுவே. முப்பத்திரண்டு வயதில் சூலகத்தை இழந்த ஒருத்தி இவ்விரண்டில் எதிலும் இல்லை.

அந்த முப்பத்திரண்டு வயதுக்காரி எங்கே இருக்கிறாள் என்று கேட்டால், ஹைதராபாத்திலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறாள் என்பேன். 2015–16இன் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை அகற்றப்பட்டவர்கள் இந்திய அளவில் 3.2 விழுக்காடு. ஆந்திரத்தில் 8.9, தெலங்கானாவில் 7.7. நாட்டிலேயே முதல் இரண்டு இடங்கள். நாடு முழுதும் இவ்வறுவைகளில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மேதக் மாவட்டக் கிராமங்களில் மகிளா சமதா அமைப்பும், ஹைதராபாத்தின் மருத்துவர்கள் நடத்திய லைஃப்-எச்ஆர்ஜி என்னும் அமைப்பும் இதை அதற்கு முன்பே வீடு வீடாகச் சென்று பதிவுசெய்தன. வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, மிகையான போக்கு என்று மருத்துவரிடம் சென்றவர்கள், புற்றுநோய் வரும் என்று அச்சுறுத்தப்பட்டு, கடன் வாங்கி அறுவைக்கு உட்பட்டார்கள். 2007இல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ காப்பீட்டுத் திட்டத்தின் கீழும் கருப்பை அறுவைகள் பெருகின. பின்னர் அரசே அவற்றை அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் என வரையறுக்க நேர்ந்தது.

அறுவையில் கருப்பை மட்டும் போயிற்றா, சூலகங்களும் போயினவா? கணக்கெடுப்பின் வினா கருப்பையோடு நின்றுவிடுகிறது. 'கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்' என்று நம் ஊரிலும் சொல்வோம். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வேறு அறுவைகள் ஒளிந்திருக்கின்றன. சூலகம் இருந்தால் ஈஸ்ட்ரோஜன் சில ஆண்டுகளேனும் சுரக்கும். இரண்டும் போனால் மறுநாள் காலையே மாதவிடாய் முற்றிய உடல்.

எலும்புக்கு இதில் என்ன நேரும் என்பதை அறிய ஹைதராபாத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் குன்னூரில் பிறந்தது. 1918இல் மெக்காரிசன் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் பெரிபெரி ஆய்வுக்கெனத் தொடங்கியது, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. அங்கு பணிபுரிந்த மருத்துவர் வீணா சத்ருக்னா, ஏழைப் பெண்களின் முதுகுவலியைப் பொருட்படுத்தி ஆராய்ந்தவர். அவரும் உடனுழைத்தோரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஹைதராபாத்தின் குறைந்த வருவாய்க் குடும்பங்களைச் சேர்ந்த, 30 முதல் 60 வயது வரையுள்ள 289 பெண்களின் எலும்பை அளந்தது. தொடையெலும்புக் கழுத்தில் 52 விழுக்காட்டினருக்கு எலும்பு மெலிவு, 29 விழுக்காட்டினருக்கு எலும்புப்புரை. இளமை முதல் சோறும் சிறிது பருப்பும் உண்டு, பாலைக் காணாமல், சுமை தூக்கி வளர்ந்த எலும்புகள் அவை. மேலை நாட்டுப் பெண் தொடங்கும் இடத்துக்கு இப்பெண்கள் எப்போதும் வந்து சேர்வதே இல்லை. இத்தகைய எலும்பிலிருந்துதான் ஈஸ்ட்ரோஜனையும் முப்பது வயதில் பறிக்கிறோம்.

நிறுத்தத்தின் விலை எலும்பில் எவ்வளவு என்பதைத் தெற்குக் கலிபோர்னியாவின் ஓர் ஆய்வு காட்டியது: 2002க்குப் பின் 80,955 பெண்களைப் பின்தொடர்ந்ததில், ஹார்மோனை விட்டவர்களுக்கு, தொடர்ந்தவர்களைவிட இடுப்பெலும்பு முறிவு 55 விழுக்காடு அதிகம். மருந்து தரும் காப்பு, மருந்தோடு போய்விடுகிறது. மினசோட்டாவின் ஓம்ஸ்டெட் கவுண்டியில் 2006இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் நேராக நம் வினாவைத் தொடுகிறது. 45 வயதுக்குள் இரு சூலகங்களையும் இழந்த பெண்களிடையே இறப்பு விகிதம் கூடியிருந்தது. அக்கூடுதல் பெரும்பாலும் 45 வயது வரை ஈஸ்ட்ரோஜன் பெறாதவர்களிடமே காணப்பட்டது. 2002இன் அச்சத்தால் ஈஸ்ட்ரோஜனைத் தவிர்த்ததன் விளைவாக, கருப்பை அகற்றப்பட்ட, ஐம்பதுகளில் இருந்த அமெரிக்கப் பெண்கள் பத்தாண்டுகளில் 18,601 முதல் 91,610 பேர் வரை முன்கூட்டியே இறந்திருக்கலாம் என்று 2013இல் ஒரு மதிப்பீடு வந்தது. இவ்வளவு அகன்ற எல்லைகளையுடைய எண்ணை நான் மேடையேற்றத் தயங்குவேன். எனினும் அவ்வினாவை எழுப்பியதற்காக அக்கட்டுரைக்கு ஓரிடம் உண்டு.

இந்திய மாதவிடாய் முற்றுக் கழகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளைத் தொகுத்தவர்களுள் முதன்மையானவர் ஹைதராபாத்தின் மருத்துவர் மீதா. வேறு தடைகள் இல்லையெனில், இளவயதில் சூலகத்தை இழந்தவர்கள் இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரை ஹார்மோனைத் தொடர வேண்டும் என்பதே இன்று உலகெங்கும் உள்ள நெறி. அறுபதில் நிறுத்துவதும் முப்பத்தைந்தில் நிறுத்துவதும் ஒரே செயல் அன்று. முன்னது பெரும்பாலும் ஒரு தேர்வு. பின்னது இரண்டாம் முறை பறிகொடுத்தல். ஆனால் 'ஹார்மோன் மாத்திரை புற்றுநோய் தரும்' என்ற ஒற்றை வரிக்கு வயது கிடையாது, கருப்பை உண்டா இல்லையா என்ற கேள்வியும் கிடையாது. மருந்துக் கடையில் இரண்டு மாதம் வாங்கிவிட்டு, கணவருக்குக் கூலி கிடைக்காத மூன்றாம் மாதத்தில் நின்றுபோகும் மருந்துக்கு அந்த வரி ஒரு வசதியான நியாயமாகவும் அமைந்துவிடுகிறது.

சொல்லாமல் கொடுப்பதும் சொல்லாமல் நிறுத்துவதும் இந்நகருக்குப் புதிதல்ல. 1985இல் ஹைதராபாத்தை அடுத்த படான்செருவில், நெட்-என் என்னும் கருத்தடை ஹார்மோன் ஊசியின் ஆய்வுக்குப் பெண்களைத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பினர் அங்கு சென்று பேசியபோது, இது சோதனை என்பதே அப்பெண்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. 1986இல் அவர்களும் தில்லியின் சஹேலி முதலிய அமைப்புகளும் உச்ச நீதிமன்றம் சென்றனர். அதே ஹைதராபாத் குழுவினர், பெண்களின் உடலைப் பற்றிய ஐயங்களையும் விடைகளையும் தொகுத்துத் தெலுங்கில் 'சவாலக்ஷ சந்தேஹாலு' என்னும் கையேட்டை உருவாக்கினார்கள். ஒன்றேகால் இலட்சம் ஐயங்கள் என்று பொருள்.

2023 ஏப்ரலில், தேவையற்ற கருப்பை அறுவைகள் பற்றி மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும், கண்காணிப்புக் குழுக்கள் அமைக்க வேண்டும் என்றது. இனி நடக்கும் அறுவைகளை எண்ணுவதற்கான ஏற்பாடு அது. ஏற்கெனவே அறுக்கப்பட்டு, இன்று நாற்பதுகளில் இருக்கும் மேதக் பெண்ணின் சூலகங்கள் உள்ளனவா, அவள் எந்த மாத்திரையை எத்தனை மாதம் உண்டாள், யார் சொல்லி நிறுத்தினாள் என்பதை அவளிடமே போய்க் கேட்டால்தான் தெரியும்.