எண் காத்த கண்கள்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றும் மரபில் வந்தவர்கள் நாம். பள்ளியில் காலடி வைத்த நாள்முதலே நம் குழந்தைகள் இக்கருத்தைக் கேட்டு வளர்கின்றனர். உவமையாகச் சொல்லப்பட்ட இக்கருத்து மருத்துவ உலகில் உண்மையாகவே நிகழ்ந்திருக்கிறது. எண்ணிப் பார்த்ததாலும் எழுதி வைத்ததாலும் கோடிக்கணக்கான மக்கள் இழந்த பார்வையை மீண்டும் பெற்றனர். கண்புரை மருத்துவத்தின் வரலாறு அதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

கண்ணின் பாவைக்குப் பின்னால் பளிங்குபோல் தெளிந்த வில்லை ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒளியைக் குவித்து விழித்திரையின்மேல் விழச் செய்வது அதன் பணி. முதுமையாலும், நீரிழிவு முதலிய நோய்களாலும், அடிபடுவதாலும் அவ்வில்லை பால்போல் மங்கிவிடுவதையே கண்புரை என்கிறோம். உலகில் பார்வை இழப்புக்கு முதன்மையான காரணம் இன்றும் இதுவே. மங்கிய வில்லையை நீக்கினால் பார்வை திரும்பும் என்பதை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்துகொண்டான். ஆனால், எப்படி நீக்கினால் அப்பார்வை நிலைக்கும் என்பதை அறிய ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தள்ளுமுறையும் அதன் மயக்கமும்

சுசுருதர் பெயரால் வழங்கும் பழம்பெரும் வடமொழி மருத்துவ நூலில் புரை அறுவை விளக்கப்பட்டுள்ளது. கூரிய கருவி ஒன்றைக் கண்ணின் வெண்பகுதி வழியே செலுத்தி, மங்கிய வில்லையைப் பார்வை செல்லும் வழியிலிருந்து விலக்கும் முறை அது. வில்லை வெளியே எடுக்கப்படுவதில்லை. கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளப்படும். இத்தள்ளுமுறை இந்திய நாட்டில் மட்டுமன்றிச் சீனம், அரபு நாடுகள், ஐரோப்பா என எங்கும் பல நூற்றாண்டுகள் வழங்கியது.

அது நெடுங்காலம் நிலைத்தமைக்குக் காரணம் உண்டு. வில்லை விலகிய அக்கணமே நோயாளிக்கு ஒளி தெரியும். எதிரே நிற்பவரின் விரல்களை எண்ணிச் சொல்வார். உற்றார் உறவினர் மகிழ்ச்சிக் கண்ணீர் சொரிவர். வைத்தியர் கூலியைப் பெற்றுக்கொண்டு அடுத்த ஊருக்குச் செல்வார். அதன்பின் சில நாளிலோ சில திங்களிலோ கண்ணுக்குள் அழற்சி ஏற்படலாம், சீழ் பிடிக்கலாம், கண்ணீரழுத்தம் மிகுந்து நரம்பு பட்டுப்போகலாம். அப்போது அதனைக் காண வைத்தியர் அங்கு இரார்.

ஐரோப்பாவிலும் இதே நிலைதான். ஆங்கிலேயரான ஜான் டெய்லர் ஊர் ஊராகச் சென்று, ஆரவாரமான சொற்பொழிவுகளுக்கிடையே புரையைத் தள்ளிவந்தவர். கட்டவிழ்க்கும் நாள் வருமுன் ஊரைவிட்டு அகன்றுவிடுவது அவர் வழக்கம் என்பர். 1750ஆம் ஆண்டில் லைப்சிக் நகரில் இசைமேதை பாக் அவர்களின் கண்களில் அவர் இருமுறை அறுவை செய்தார். பாக் பார்வை பெறவில்லை. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் காலமானார். மற்றோர் இசைமேதையான ஹாண்டலுக்கும் பின்னாளில் டெய்லரே அறுவை செய்தார். ஹாண்டலும் பார்வையின்றியே 1759இல் மறைந்தார்.

எண்ணத் தொடங்கிய மருத்துவர்கள்

டெய்லர் வாழ்ந்த அதே காலத்தில் பிரான்சு நாட்டில் ஜாக் டாவியேல் என்னும் மருத்துவர் இருந்தார். தள்ளுமுறை தம் கையிலேயே தோல்வியுற்றதைக் கண்ட அவர், 1747இல் கண்ணின் முன்பகுதியைக் கீறி, மங்கிய வில்லையையே வெளியே எடுத்தார். இஃது ஒரு பெரும் புதுமை. அதனினும் பெரிது அவர் அடுத்துச் செய்தது. 206 அறுவைகள் செய்ததாகவும், அவற்றுள் 182 வெற்றி பெற்றதாகவும் 1753இல் வெளியான தம் கட்டுரையில் அவர் தெரிவித்தார். எஞ்சிய 24 கண்கள் தோற்றன என்பதையும் அக்கணக்கு மறைக்கவில்லை. தோல்வியையும் ஏட்டில் ஏற்றும் மருத்துவரைத்தான் பிறர் பின்பற்ற முடியும், திருத்தவும் முடியும்.

தமிழ்நாட்டிலும் இவ்வகை முயற்சிக்குச் சான்றுகள் உண்டு. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் ஆட்சி செய்த இரண்டாம் சரபோசி மன்னர் கண் மருத்துவத்தில் பெரிதும் நாட்டம் கொண்டவர். அவர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும், நோயுற்ற கண்களின் வண்ணச் சித்திரங்களும் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வந்துள்ளன. சென்னையில் 1819இல் தோற்றுவிக்கப்பட்ட கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக எழும்பூரில் விளங்குகிறது.

அம்மருத்துவமனையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைமை ஏற்றிருந்தவர் இராபர்ட் ஹென்றி எலியட். ஊர் வைத்தியர்களிடம் புரையைத் தள்ளிக்கொண்டு, பின்பு பார்வை கெட்டு வந்தவர்களின் விவரங்களை அவர் ஒன்றுவிடாமல் திரட்டினார். கெட்டுப்போனதால் அகற்றப்பட்ட விழிகளையும் அறுத்து ஆராய்ந்தார். அவற்றை அடிப்படையாகக் கொண்டு 1917இல் இலண்டன் அரச அறுவை மருத்துவர் கல்லூரியில் சொற்பொழிவாற்றினார். ஊரார் கண்ட அற்புதத்துக்குப் பின்னே எத்தனை கண்கள் அழிந்தன என்பது அப்போதுதான் உலகுக்குப் புலனாயிற்று.

வில்லைக்கு ஒரு வில்லை

வில்லையை எடுத்துவிட்டால் ஒளியைக் குவிப்பது எது? தடித்த மூக்குக் கண்ணாடியே அதற்கு விடையாக இருந்தது. அறுவை செய்துகொண்ட பாட்டனார்களும் பாட்டிமார்களும் புட்டியின் அடிப்பாகம் போன்ற கண்ணாடியை அணிந்திருந்ததை நம்முள் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்கண்ணாடி பொருள்களை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பெரிதாக்கிக் காட்டும். பக்கப் பார்வையைக் குறைக்கும். படியில் கால் வைக்கவும், குவளையில் நீர் ஊற்றவும் தடுமாறுவர். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ பழைய இருளே மீளும்.

இக்குறையைப் போக்க முனைந்தவர் இங்கிலாந்தின் ஹெரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் வானூர்தி ஓட்டிகள் சிலரின் கண்களில் வானூர்திக் கூண்டின் பிளாஸ்டிக்குச் சில்லுகள் தைத்திருந்தன. அச்சில்லுகள் கண்ணுக்குள் பெருந்தீங்கு விளைவிக்காமல் கிடந்ததை அவர் கவனித்தார். அதே வகைப் பொருளால் வில்லை செய்து, 1949ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் கண்ணில் பொருத்தினார். வில்லையின் ஆற்றல் தேவைக்கு மேல் மிகுந்துவிட்டமையால் அப்பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. பின்னர்ப் பொருத்திய சில கண்களில் வில்லை நழுவிற்று. சிலவற்றில் அழற்சி கண்டது. ஆன்றோர் பலர் ரிட்லியை வன்மையாகக் கண்டித்தனர். பிறர் உருவாக்கிய வில்லை வகைகளுள்ளும் சில, ஆண்டுகள் கழிந்தபின் கருவிழியைக் கெடுத்தமை கண்டு கைவிடப்பட்டன. இத்தனை தோல்விகளையும் கணக்கில் கொண்டே வில்லையின் வடிவமும், அதனை வைக்கும் இடமும், ஆற்றலை அளந்தறியும் முறையும் திருந்தின. ரிட்லிக்கு 2000ஆம் ஆண்டில் வீரத்திருத்தகைப் பட்டம் வழங்கப்பட்டபோது அவருக்கு அகவை தொண்ணூற்றைக் கடந்திருந்தது.

மதுரையில் நடந்த தேர்வு

செல்வ நாடுகளில் வெற்றி பெற்ற இம்முறை ஏழை நாடுகளின் சிற்றூர் மக்களுக்கும் ஏற்றதா? செலவு மிகும், தீங்கும் நேரலாம் என்று ஐயுற்றோர் பலர். ஐயம் நேர்மையானதே. அதனைத் தீர்க்கும் வழியும் நேர்மையானதாக இருத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். இரண்டு பாடமுறைகளுள் சிறந்தது எது என்று அறிய விரும்பும் ஒருவர், கெட்டிக்கார மாணவரை ஒரு முறைக்கும் மற்றவரை இன்னொரு முறைக்கும் ஒதுக்கிவிட்டு முடிவு கூறினால் நாம் ஏற்போமா? மாணவரைத் திருவுளச்சீட்டுப் போல நடுநிலையாகப் பிரித்தல் வேண்டும். இரு சாராருக்கும் ஒரே தேர்வு வைத்தல் வேண்டும். இடையில் நின்றவர்களையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். மருத்துவ ஆய்வின் அடிப்படையும் இதுதான்.

அத்தகைய ஆய்வு ஒன்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்தது. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை செய்யப் பயின்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய நிலையம் அது. புரையால் பார்வை குன்றிய 3,400 பேர் அங்கு இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பழைய முறைப்படி வில்லையை எடுத்துத் தடித்த கண்ணாடி தரப்பட்டது. மற்றப் பிரிவினருக்குக் கண்ணுக்குள் வில்லை பொருத்தப்பட்டது. ஓராண்டு அவர்கள் கண்காணிக்கப்பட்டனர். வில்லை பொருத்தப்பட்டவர்களின் பார்வையே மேலானதாக இருந்தது. அன்றாட வாழ்வை நடத்துவதிலும் அவர்களே சிறந்திருந்தனர். 1998இல் வெளியான இம்முடிவு, ஏழைகளுக்குத் தடித்த கண்ணாடி போதும் என்ற எண்ணத்தை மாற்ற உதவிற்று. வில்லையின் விலையைக் குறைக்க 1992லேயே அந்நிலையத்தார் மதுரையில் தொழிற்கூடம் ஒன்றை நிறுவியிருந்தனர்.

இதற்கிடையே, 1967இல் அமெரிக்க மருத்துவர் சார்லசு கெல்மன், செவிக்கெட்டாத ஒலியலையால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கண்டிருந்தார். நுட்பமான இயந்திரம் இதற்குத் தேவை. அவ்வியந்திரம் இல்லாமல், தையலும் இல்லாமல், சிறு கீறல் வழியே கையாலேயே புரையை எடுக்கும் முறை நேபாளம் முதலிய நாடுகளில் வளர்ந்தது. நேபாளத்தில் 108 நோயாளிகளைக் கொண்டு இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வெளியாயிற்று. ஆறு திங்களுக்குப் பின் இரு சாராரின் பார்வையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கைமுறையோ விரைவானது, செலவும் குறைந்தது. விலையுயர்ந்தது எதுவோ அதுவே சிறந்தது என்று எண்ணுவோர்க்கு இஃது ஒரு பாடம்.

கணக்கு பொய்ப்பித்த நம்பிக்கைகளும் உண்டு. உயிர்ச்சத்து மாத்திரைகள் புரையைத் தடுக்கும் எனப் பலர் நம்பினர். தென்னிந்தியச் சிற்றூர்களில் ஏறத்தாழ 800 பேரிடம் ஐந்தாண்டுகள் நடந்த ஆய்வில் அவற்றால் பயன் காணப்படவில்லை. மாறாக, அறுவை முடிவில் கண்ணுக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்தினால் சீழ்த்தொற்று பெரிதும் குறையும் என்பதை ஐரோப்பாவில் 16,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்த ஆய்வு 2007இல் நிறுவியது.

நமக்குரிய கடமை

மலேசியாவிலும் கண்புரை அறுவைகளுக்கெனத் தேசியப் பதிவேடு 2002இல் தொடங்கப்பெற்றது. அறுவை எவ்வாறு நடந்தது, என்ன சிக்கல் நேர்ந்தது, பின்னர்ப் பார்வை எவ்வளவு என்பனவற்றை எழுதி வைக்கும் ஏடு அது. டாவியேல் தனியொருவராக எழுதிய கணக்கை இன்று ஒரு நாடே எழுதுகிறது.

இருப்பினும், அறுவையின்றிப் புரையைக் கரைப்பதாகக் கூறும் சொட்டு மருந்துகளும் சூரணங்களும் இன்றும் விற்பனையாகின்றன. புரையைக் கரைக்கும் என மெய்ப்பிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. நம் வீட்டு முதியவர்கள் இத்தகைய விளம்பரங்களை நம்பிக் காலம் கடத்தும்போது, இழப்பது பணம் மட்டுமன்று. பேரப்பிள்ளைகளின் முகம் காணும் ஆண்டுகளையும் அவர்கள் இழக்கின்றனர்.

ஆகவே, கண்ணுக்கு மருந்து என்று எவர் எதைக் கொண்டுவந்தாலும், "இதனை எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? ஓராண்டுக்குப்பின் அவர்களுள் எத்தனை பேருக்குப் பார்வை இருந்தது? எத்தனை பேருக்குக் கெட்டது?" என்று கேட்கும் பழக்கம் நம் மக்களிடையே வேரூன்றுதல் வேண்டும். வீட்டில் முதியவர் ஒருவர் விளக்கொளி மங்கலாகத் தெரிகிறது என்று சொன்ன அன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். எண்ணைக் கண்ணெனப் போற்றும் மரபினர்க்கு இவ்விரண்டும் அரிய செயல்கள் அல்ல.