மருந்துக் கணக்கில் வராதவள்

தமிழில் பூச்சிக்கொல்லிக்கும் பெயர் மருந்துதான். ‘கத்தரிக்கு மருந்தடித்தான்’ என்கிறோம்; ‘மருந்தைக் குடித்துவிட்டாள்’ என்றும் சொல்கிறோம். இரண்டிலும் இருப்பது ஒரே புட்டி.

2017இல் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த சிலர் இறந்தார்கள்; பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் கத்தரிக்கும் சின்ன வெங்காயத்துக்கும் இதே கைத்தெளிப்பான்தான். தெளிப்பது பெரும்பாலும் ஆண் வேலை, கூலியும் கூடுதல். தெளிக்கத் தண்ணீர் சுமப்பதும், தெளித்த வயலில் களையெடுப்பதும், காய் பறிப்பதும், நனைந்த சட்டையைத் துவைப்பதும் பெண்களின் வேலை.

சட்டத்தின் வரலாறும் வயலிலிருந்து தொடங்கவில்லை. 1958இல் பாரத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டு கேரளத்திலும் சென்னை மாநிலத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அதற்குப் பிறகு, 1968இல் வந்தது பூச்சிக்கொல்லிச் சட்டம். நச்சுப் பாதிப்புகளைத் தெரிவிக்கும்படி மாநில அரசு ஆணையிடலாம் என்கிறது அதன் 26ஆம் பிரிவு. தலைசுற்றினால் வெயில்மீது பழிபோட்டுவிட்டு, மறுநாளும் களைக்கொத்தோடு இறங்குகிறவளை யார் தெரிவிப்பார்கள்?

ரசாயனத்துக்கு மாற்று இருக்கிறது. 2008இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளி, மல்பெரி, கத்தரி என்று பரவியது. அதன் மெழுகுப் போர்வையைத் தாண்டி மருந்து இறங்கவில்லை. 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து அசரோபேகஸ் என்னும் சிறு குளவி தருவிக்கப்பட்டது. வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி வயல்களில் விட்டது, பூச்சி அடங்கியது.

குளவி தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. எல்லா உயிரியல் முறைகளும் அப்படியல்ல. கத்தரியில் தண்டு துளைப்பானைக் கட்டுப்படுத்த, வாடிய குருத்துகளை வாரந்தோறும் கிள்ளி அழிக்க வேண்டும். 100 லிட்டர் வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு 5 கிலோ பருப்பு வேண்டும். பழம் பொறுக்கி, சதை கழுவி, உலர்த்தி, உடைத்து, இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்ட வேண்டும். செலவுப் பட்டியல் இதை ‘வீட்டிலேயே தயாரிக்கலாம்’ என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறது. வீடு என்றால் யார் என்று அது சொல்வதில்லை.

ஏக்கருக்கு என்ன செலவு, எவ்வளவு மகசூல் என்று மட்டும் இரு முறைகளையும் ஒப்பிடுவது பாதிக் கணக்கு. ரசாயனம் அவள் உடலை விலையின்றி எடுத்துக்கொள்கிறது. இயற்கை வேளாண்மை அவள் நேரத்தை விலையின்றி எடுத்துக்கொள்ளுமானால் பழைய ஏற்பாடே தொடரும். நஞ்சற்ற காய்கறி நமக்கு வேண்டும். வேப்பங்கொட்டை இடிப்பவளுக்கு மருந்தடிப்பவனுக்குக் கொடுக்கும் கூலியும் வேண்டும்.