கிழவரும் ஷைகும் செனட்டும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடியின் படைத்துறை ஆலைகளிலும் அன்றாடம் அடிபடும் சொல் ‘சீனியாரிட்டி’. பதவி உயர்வாயினும் ஆட்குறைப்பாயினும் அதுவே பேச்சு. முதியவரைக் குறிக்கும் ‘செனெக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே அதற்கு வேர். ரோமாபுரியின் செனட் சபையும் அவ்வேரில் முளைத்ததே. பிரெஞ்சு ‘மொசியே’, ஸ்பானிய ‘செஞோர்’, ஆங்கில ‘சர்’ யாவும் அதன் பேரப்பிள்ளைகள்.

உடன்பிறந்த ‘செனைல்’ என்னும் அடைமொழிக்கு அப்பேறு வாய்க்கவில்லை. இலத்தீனில் ‘செனிலிஸ்’ என்றால் முதியோர்க்குரியது, அவ்வளவே. அறிவுத் தடுமாற்றம் முதியோர் அனைவர்க்கும் உரியதன்று என கி.மு. 44-இல் சிசரோ எழுதினார். ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டில் நுழைந்தபோதும் அச்சொல் பழம்பொருளையே தாங்கிற்று; 19-ஆம் நூற்றாண்டில்தான் மூளைத் தளர்ச்சி அதன்மேல் ஏறிக்கொண்டது. இத்தாலியர் இன்றும் பழம்பொருளை முற்றும் விட்டாரில்லை. ஆயினும் இத்தாலோ ஸ்வேவோ 1898-இல் ‘செனிலிதா’ என்று நாவலுக்குப் பெயரிட்டபோது, அதன் நாயகனுக்கு வயது முப்பத்தைந்துதான்!

நம் மொழியின் கதையோ தலைகீழ். தொல்காப்பியத்தில் கிழவன் என்பான் தலைவன். கிழமை என்பது உரிமை. 1710-இல் மறைந்த இராமநாதபுரம் மன்னர் ரகுநாதர், கிழவன் சேதுபதி என்றே புகழ்பெற்றார். அவருடைய நண்பர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. ஷைகு அப்துல் காதிர் என்னும் பெயரே தமிழ் நாவில் அவ்வாறு திரிந்தது. அரபியில் ‘ஷைகு’ என்றாலும் முதியவர்தான். திருக்குர்ஆனில் இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் துணைவியார் தம் கணவரை அச்சொல்லாலேயே குறிக்கிறார். பாரசீக ‘பீர்’ என்பதும் அவ்வாறே ஞானகுருவாயிற்று. அரபியும் பாரசீகமும் சொல்லை உயர்த்தின. நாமோ ‘கிழவன்’ என்பதை வசைச்சொல்லாக்கி விட்டோம். எந்த ஊர் வண்டியிலும் அப்படி அழைத்துப் பாருங்கள், தெரியும்.

மருத்துவத்தில் இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. 51 வயதில் மருத்துவமனையில் சேர்ந்த ஒரு பெண்மணியின் மறதிநோயை ஆல்சைமர் 1906-இல் விவரித்தார். முதுமைக்கு முன் வந்தால் அது தனிநோய். பின்னர் வந்தால் ‘செனைல்’, அதாவது வயதின் கோளாறு என்று நெடுங்காலம் பிரித்து வைத்தார்கள். இரண்டும் ஒன்றே என்று ராபர்ட் காட்ஸ்மன் வலியுறுத்தியது 1976-இல். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு. “அத்தாவுக்கு வயதாகிவிட்டது” என்று கூறி வீட்டோடு இருத்திவிட்டால், அந்தச் சோதனைகளைச் செய்து பார்ப்பவர் யார்?