கான்செர்ட்டோ பற்றிய பழைய நூல்கள்

தனி வாத்தியக்காரர் ஒருவரும் முழு இசைக்குழுவும் எதிர்நின்றும் இணைந்தும் நிகழ்த்துகின்ற, பெரும்பாலும் மூன்று பகுதிகள் கொண்ட உருப்படி மேலை இசையில் கான்செர்ட்டோ எனப்படுகிறது. பியானோ கான்செர்ட்டோவை அதன் முழு உயரத்துக்குக் கொண்டுசென்றவர் மோட்சார்ட் (1756–1791) என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கச்சேரி மேடைகளில் டி மைனர் கான்செர்ட்டோ போன்ற மிகச் சிலவே நிலைத்திருந்தன. அவருடைய பியானோ கான்செர்ட்டோக்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் ஆராயும் பெருநூலைத் தந்தவர் இசைப் பேராசிரியர் அல்லர்; இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிரெஞ்சுப் பேராசிரியராக இருந்த கத்பர்ட் கிர்டில்ஸ்டோன் அதைப் பிரெஞ்சிலேயே எழுதி 1939இல் பாரிசில் வெளியிட்டார். அதன் ஆங்கில வடிவம் 1948இல் வந்தது. ஆர்தர் ஹட்சிங்ஸ் இதே பொருள் குறித்து எழுதிய, அளவில் சிறிய நூலும் அவ்வாண்டே வெளியாயிற்று. 1964இல் அமெரிக்காவின் டோவர் பதிப்பகம் கிர்டில்ஸ்டோனை மறு அச்சிட்டபின் அந்நூல் மாணவர்களிடையே பரவியது.

இந்நூல்கள் எழுதப்பட்ட சூழலை மறந்துவிட்டு அவற்றின் நடையைப் புரிந்துகொள்ள இயலாது. பியானோ கலைஞர்களான எட்வின் பிஷரும் ஆர்தர் ஷ்னாபலும் 1930களில் சில கான்செர்ட்டோக்களைப் பதிவு செய்திருந்தனர் என்றாலும், ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடமே ஓடும் அக்கால இசைத்தட்டுகளில் அரைமணி நேர உருப்படி ஒன்றைக் கேட்கப் பலமுறை தட்டைத் திருப்ப வேண்டியிருந்தது; பதிவே ஆகாத கான்செர்ட்டோக்களோ ஏராளம். எனவே எழுத்தாளர் நூற்றுக்கணக்கான இசைக்குறிப்பு எடுத்துக்காட்டுகளை இடையிடையே அச்சிட்டார். வாசகர் வீட்டுப் பியானோவில் அவற்றை வாசித்துப் பார்த்துவிட்டு உரைநடைக்குத் திரும்பினார். எந்த வாத்தியம் எந்த இடத்தில் மெட்டை எடுத்துக்கொள்கிறது, பியானோ அதற்கு எவ்வாறு விடை சொல்கிறது என்பதையெல்லாம் சொல்லாமல் விட இந்நிலையில் வழியில்லை. மோட்சார்ட்டின் கான்செர்ட்டோக்களில் ஓபோவும் கிளாரினெட்டும் சேர்ந்து இடம்பெறும் ஒரே படைப்பான சி மைனர் கான்செர்ட்டோவின் மெதுநடைப் பகுதியில், அவ்விரு ஊதுகுழல் அணிகளும் முறைவைத்துப் பாடுவதைச் செவிக்குப் பிடித்துத் தருவதற்கு இத்தகைய பொறுமை வேண்டியிருக்கிறது. எந்தப் பதிவும் நொடியில் கிடைக்கும் காலத்தில் எழுதுபவர்கள் இதைக் கேட்பவர் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள்; அது இழப்புதான்.

தகவல் என்ற அளவில் இந்நூல்கள் மூப்படைந்துள்ளன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1777ஆம் ஆண்டின் இ ஃபிளாட் கான்செர்ட்டோ ஜனோம் என்ற பெண்மணிக்காக எழுதப்பட்டதாக மோட்சார்ட் ஆய்வாளர்களான விசேவாவும் சேன்ஃபுவாவும் நிறுவிய பெயரையே பின்வந்தோர் பல்லாண்டுகள் வழிமொழிந்தனர். அவர் உண்மையில் நடனக் கலைஞர் நொவேரின் மகள் விக்டுவார் ஜெனமி என்பதை மைக்கேல் லோரென்ஸ் 2004ஐ ஒட்டியே வெளிக்கொணர்ந்தார். கடைசிக் கான்செர்ட்டோவில் சாவை எதிர்நோக்கும் துறவு மனத்தைக் கேட்ட முந்தைய தலைமுறையின் விளக்கமும் ஆட்டம் கண்டது. அது மோட்சார்ட்டின் சொந்தப் பட்டியலில் 1791 ஜனவரியில் பதியப்பட்டதாயினும், கையெழுத்துப் படியின் தாள் வகைகளை ஆராய்ந்த ஆலன் டைசன், 1788 வாக்கிலேயே அது தொடங்கப்பட்டிருக்க வேண்டும் என்று காட்டினார். ஆனால் திருத்தங்கள் எல்லாம் புதியவர்கள் செய்தவை அல்ல. முதல் நான்கு கான்செர்ட்டோக்கள் 1767இல் பதினோரு வயதுச் சிறுவன் பிறருடைய சொனாட்டாக்களைக் கோத்து அமைத்தவை என்பதைக் கண்டறிந்தவர்கள் மேற்சொன்ன விசேவாவும் சேன்ஃபுவாவுமே. அப்படியிருந்தும் அந்நான்கையும் கூட்டி இருபத்தேழு என்று எண்ணும் வழக்கம் இன்றும் ஒழியவில்லை.

கருத்துத் தளத்தில் பழமை இன்னும் வலுவாக நிற்கிறது. இசைக்குழு முதலில் மெட்டுகளை அறிமுகம் செய்கிறது, பிறகு பியானோ அவற்றையே இரண்டாம் முறை அறிமுகம் செய்கிறது, ஆகவே கான்செர்ட்டோ என்பது அறிமுகம் இரட்டித்த சொனாட்டா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாடநூல்கள் கற்பித்தன. எடின்பரோவில் 1914 முதல் பேராசிரியராக இருந்த டொனால்ட் பிரான்சிஸ் டோவி, அதற்கு முன்பே, 1903இல் எழுதிய கட்டுரையில் இதை மறுத்தார். 1936இல் அது அவருடைய கட்டுரைத் தொகுதியின் மூன்றாம் பாகத்தில் இடம்பெற்றது. ஓபராவின் தனிப்பாடலான ஆரியாவில் பாடகர் வாய் திறக்குமுன் இசைக்குழு வாசிக்கும் முகப்புப் பகுதியே கான்செர்ட்டோவின் தொடக்கத்துக்கு மூலம். அது தொடக்கச் சுருதியை விட்டு நிலையாகப் பெயராமல் இருப்பதால்தான், கூட்டத்தின் எதிரே ஒற்றைக் குரல் நுழைந்து புதிய சுருதிக்குப் பயணப்படுவது நாடகமாகிறது என்பது டோவியின் வாதம். அவர் எடுத்துக்கொண்ட சி மேஜர் கான்செர்ட்டோவில் (கோஷெல் பட்டியல் எண் 503) இசைக்குழு கம்பீரமாக முழங்கி ஓய்ந்தபின் பியானோ தயங்கித் தயங்கிச் சிறு சொற்றொடர்களுடன் உள்ளே வருவதைக் கேட்பவருக்கு இதற்குமேல் சான்று தேவைப்படாது. பேத்தோவன் மூன்றாம் கான்செர்ட்டோவில் இசைக்குழுவையே சுருதி மாற்றிச் செல்லவிட்டதை டோவி குறையாகக் கண்டது மட்டும் சற்றுக் கடுமையான தீர்ப்பு.

டோவியின் பார்வை புதுமையாகத் தோன்றினாலும் உண்மையில் மீட்புதான். மோட்சார்ட்டின் காலத்தவரான ஹைன்ரிஹ் கோக், 1793இல் வெளியான தம் இசையமைப்பு நூலின் மூன்றாம் பாகத்தில், தனி வாத்தியக்காரரைப் பண்டைய கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் நடிகருக்கும் இசைக்குழுவை அவரோடு உணர்வு பகிரும் கோரஸுக்கும் ஒப்பிட்டிருந்தார். சார்ல்ஸ் ரோசன் 1971இல் எழுதிய புகழ்பெற்ற கான்செர்ட்டோ அத்தியாயத்திலும் டோவியின் தடம் தெளிவாகத் தெரிகிறது.

நிகழ்த்துவோருக்கு மிகவும் பயன்படுவது 1842இல் வந்த ஒரு நூற்பகுதி. பேத்தோவனின் மாணவரான கார்ல் செர்னி, ஆசிரியருடைய பியானோ படைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பு முறை சொல்லும் அப்பகுதியில், 1803இல் மூன்றாம் கான்செர்ட்டோவைப் பொதுமேடையில் வாசித்த பேத்தோவன் அதன் மெதுநடை மெட்டு முழுவதிலும் நாதத்தை நீட்டிக்கும் பெடலை எடுக்காமலே மிதித்திருந்தார் என்று பதிவு செய்கிறார். அக்காலப் பியானோக்களின் நாதம் மென்மையாகவும் விரைவில் தேய்வதாகவும் இருந்ததால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பவில்லை. 1842க்குள் கருவிகளின் ஒலி வலுத்துவிட்டதை உணர்ந்த செர்னி, சுரக்கூட்டு மாறும் முக்கிய இடங்களில் பெடலை விட்டு மீண்டும் மிதிக்கும்படி அங்கேயே அறிவுரையும் சேர்த்தார். அச்சிட்ட இசைக்குறிப்பில் உள்ள நீண்ட பெடல் அடையாளத்தை ஆசிரியர் பிழை என்று எண்ணித் திருத்த முனையும் வாசிப்பாளருக்கும், பழைய கருவியின் நகலில் அதை அப்படியே வாசித்துப் பார்க்க விரும்புபவருக்கும் இந்தச் சில வரிகளே முதல் ஆதாரம்.